கூண்டில் ஏறட்டும்

"ஜெயிச்சாச்சும்மா! சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. இந்த மனுவுல மட்டும் கையெழுத்துப் போடுங்க, உடனே தீர்ப்பு வாங்கிரலாம்."

அருப்புக்கோட்டை முன்சீப் கோர்ட் வாசலில் பேனாவை நீட்டினார் வக்கீல் ஆனந்தகுமார். திருச்சுழிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருந்த மாரிக்கனி அதை வாங்கவில்லை.

"எப்படிங்கய்யா அதுக்குள்ள?"

"உங்க அண்ணன் பொன்னுச்சாமி எதையுமே மறுக்கலைம்மா. அப்பா நிலத்துல பாதி கேட்டோம். 'ஆட்சேபணை இல்லை'ன்னு பதில் கொடுத்துட்டாரு. எதிராளியே ஒத்துக்கிட்டா, விசாரிக்காமலே தீர்ப்புக் கொடுங்கன்னு நாம மனுப் போடலாம்."

"அப்ப அவுக கூண்டுல ஏற வேண்டியதில்லையா?"

"எதுக்கு ஏறணும்?"

மாரிக்கனியின் முகம் சுண்டிப்போனது. "இந்த மனு வேண்டாங்கய்யா. விசாரணையே நடக்கட்டும்."

ஆனந்தகுமாருக்குத் தலை சுற்றியது. வழக்கு எப்போது முடியும் என்று உயிரை வாங்குகிற கட்சிக்காரர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். வீடு தேடி வந்த வெற்றியை வேண்டாம் என்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். அந்த அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலே ஊரைக் கூட்டிவிடுகிற மனுஷன். அப்படிப்பட்டவர் பாதிக் கரிசலை எப்படிச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தார்? அண்ணன் தங்கை இரண்டு பேருக்குமே ஏதாவது கழன்றுவிட்டதா?

"விசாரணைன்னா வருஷக்கணக்கா இழுக்கும்மா. நடுவுல அவரு மனசு மாறிட்டா?"

"மாறட்டும்."

"நிலம் கைவிட்டுப் போயிருமே!"

"போகட்டும்."

ஆனந்தகுமாருக்கு ஒன்று புரிந்த மாதிரி இருந்தது. "ஓகோ! அண்ணனைக் கூண்டுல நிக்க வச்சு, நாலு பேருக்கு முன்னால அவமானப்படுத்தணும். அதானே?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீக!" பதறிப்போனாள் மாரிக்கனி. "வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் அடுத்தவுக கேஸையும் உக்காந்து பாக்குறேன். கூண்டுல ஏறுனதும், 'வாதி உமக்கு என்ன உறவு?'ன்னு தானய்யா மொதல்ல கேக்குறீக?"

"ஆமா, அதுக்கென்ன?"

"நான் இஷ்டப்பட்டவரைக் கல்யாணம் முடிச்ச அன்னைக்கு, எனக்குக் கூடப்பொறந்தவளே இல்லன்னு கண்மாயில தலைமுழுகுனவுக அவுக. அதோட பேச்சுவார்த்தை இல்ல. சத்தியம் பண்ணிக் கூண்டுல ஏறுனா, 'எந் தங்கச்சி'ன்னு சொல்லித்தானய்யா ஆகணும்? அதைக் காதால கேக்கத்தான் கேஸே போட்டேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஒரு சொல்லைச் சொல்லாம தப்பிக்க, பாதி நெலத்தையே விட்டுட்டாக பாருங்க!"