புதன்கிழமைச் சாப்பாடு

தேவாலயத்தின் பேஸ்மென்டில் ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு இந்தப் புதன்கிழமை முதல் மனோகரி சமைக்கிறாள். அந்தப் பெண் வீட்டுவேலைக்கு வைத்திருந்தவர்களிடமிருந்து தப்பி வந்தவள். அந்த வீட்டை விட்டதால் விசா போய்விட்டது. பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் பெயரைப் போதகர் நிர்மலன் யாருக்கும் சொல்லவில்லை.

"தப்பி வந்தவளைத் திருப்பி அனுப்புறதும் ஒரு சட்டமோ, பாஸ்டர்? அந்தக் காலத்திலை ஓடி வந்த அடிமையளை ஒளிச்சு வைச்சதும் சபையள்தானே," என்றபடி மனோகரி, அவளை நாடு கடத்தக் கூடாது என்று சபை எழுதிய மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஓம் அக்கா," என்று சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போதகர் கீழே இறங்கினார்.

ஐந்தே நிமிடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார். புட்டும் கோழிக்கறியும் வைத்தபடியே இருந்தன.

"என்ன, உறைப்புக் கூடிட்டுதோ?"

"மூடியைத் திறந்த உடனை பிள்ளை நடுங்கத் தொடங்கிட்டுது." போதகர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கடை வீட்டிலை கறித்தூள் வறுக்கிறது ஆர், அக்கா?"

வீட்டில் இன்னும் அரைப் போத்தல் தூள் இருக்கிறது. அதை வறுத்தவள், வீட்டுவேலைக்கு நின்ற பெண், போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாள். டொரொன்டோவுக்குப் போயிருப்பாள் என்றுதான் மனோகரி நினைத்திருந்தாள்.

"தான் வறுத்த தூளாம். மணத்திலையே தெரிஞ்சிட்டுதாம்."

"நாங்கள் அவளைக் குடும்பத்திலை ஒருத்தி மாதிரித்தான் வைச்சிருந்தனாங்கள், பாஸ்டர்."

போதகர் பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"தன்ரை பாஸ்போர்ட்டை மட்டும் திருப்பித் தரட்டாம்."