ஊதுங்க மேடம்

வளைவு திரும்பிய பிறகுதான் தெரிந்தது, பாலத்துக்கு முன்னால் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் நான்கு கார்கள். பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. இனித் திருப்ப முடியாது.

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு, குடித்துவிட்டு ஓட்டியதற்காக அவளுடைய லைசென்ஸை நீதிமன்றம் ஒரு வருடத்துக்கு முடக்கிவைத்தது. அது சொந்த மாநிலத்தில். அடுத்த மாநிலத்தில் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். எங்கே போனாலும் அது கூடவே வரும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பிடிபட்டால் மகளைப் பார்க்கும் அனுமதியும் போய்விடும் என்றார்.

தெரிந்தேதான் ஓட்டினாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பதினொரு மணியிலிருந்து ஐந்து மணிவரை. அவளுக்கு மகள் என்பது அவ்வளவுதான். கணவர் வேலை மாற்றல் வாங்கிக்கொண்டு குழந்தையோடு அடுத்த மாநிலத்திலுள்ள இந்த ஊருக்கு வந்துவிட்டார். அவள் ரயிலில் வருவாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரித் தோழி, விஷயம் தெரியாதவள், சிரித்த முகமாகக் கார் சாவியைக் கொடுப்பாள். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கியவள்போலக் கணவர் வீட்டு மணியை அடிப்பாள்.

பஸ்ஸை நம்பினால் அந்த ஆறு மணி நேரத்தில் பாதி நிழற்குடையிலேயே போய்விடும். காரென்றால் ஏரிவரைக்கும் போகலாம். அதோடு, மற்ற அம்மாக்களைப்போல ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

முதல் கார் கிளம்பியது. வரிசை ஒரு முழம் நகர்ந்தது.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். அன்றைக்குப் போலீஸ் அவளை அழைத்துப்போன ஆஸ்பத்திரியில், அவளிடம் தொழில் கற்ற பெண்தான் ரத்தம் எடுக்க வந்தாள். அவளை அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண், ஊசியை வைத்துக்கொண்டு தயங்கினாள். “இங்க குத்துடி” என்று நரம்பைக் காட்டிக்கொடுத்தவளே அவள்தான்.

அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. யாரும் கேட்கத்தான் இல்லை.

பின் இருக்கையில் மகள் ஏரியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். கணக்கு மிஸ் தும்மினால் மூன்று வகுப்புக்குக் கேட்குமாம். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. கண்ணெல்லாம் முன்னால் இருந்த போலீஸ்காரர் கைமேல் இருந்தது. அவர் லைசென்ஸ் வாங்கிப் பார்க்கிறாரா, இல்லையா?

ஒருவரிடம் வாங்கினார். அடுத்தவரிடம் வாங்கவில்லை.

அவள் முறை வந்தது. சின்ன வயதுப் போலீஸ்காரர். வெயிலில் நின்று களைத்திருந்தார். ஜன்னல் வழியாகக் கருவியை நீட்டினார்.

“ஊதுங்க மேடம்.”

ஊதினாள். எட்டு மாதத்தையும் சேர்த்து ஊதினாள்.

பூஜ்யம்.

பள்ளிக்கூடத்தில் நூறு வாங்கியபோதுகூட அவளுக்கு நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை. லைசென்ஸைத் தேடுவதுபோலக் கையைப் பைக்குள் விட்டாள். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். போலீஸ்காரர் எரிச்சலோடு அவரைப் பார்த்துக்கொண்டே, போ போ என்று இவளுக்குக் கைகாட்டினார்.

வண்டியைப் பாலத்தின்மேல் ஏற்றும்போது கண்ணீர் அவள் பார்வையை மறைத்தது.

“பாத்தியா கண்ணு, அம்மா...”

திரும்பினாள். பின் இருக்கை காலியாக இருந்தது. கதவு சரியாக மூடாமல் வெறுமனே சாத்தியிருந்தது.

பாலத்தின் நடைபாதையில், கொஞ்ச தூரம் முன்னால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. அழவும் இல்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஒரே சீராக நடந்துகொண்டிருந்தாள்.

அவள் வண்டியைப் பாதிச் சாலையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“ஏன்டி இறங்கின? எங்கடி போற?”

மகளின் முகத்தில் பயம் இல்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்த முகம்.

“போலீஸ் வந்தா நான் வண்டில இருக்கக் கூடாதுன்னு சொன்னியேம்மா? திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போயிடுன்னு.”

சொன்னாள்தான். எட்டு மாதத்துக்கு முன்பு, பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரும் வழியில் கார் சுவரில் மோதி நின்றபோது, ஆட்கள் கூடுவதற்குள், ஏழு வயதுக் குழந்தையைப் பின் இருக்கையிலிருந்து இறக்கினாள். கிழிந்த உதட்டைத் துடைத்துவிட்டாள். இரண்டு பெரிய சாலைகளைத் தாண்டிப் போக வேண்டிய வீட்டுக்குத் தனியாக அனுப்பிவைத்தாள். பள்ளியில் விழுந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். காரில் இருந்தது அவள் ஒருத்தி மட்டும் என்றுதான் வழக்குத் தாளில் இருக்கிறது. அதைப் பற்றி இருவரும் அப்புறம் பேசியதே இல்லை. குழந்தை மறந்திருக்கும் என்று நம்பியிருந்தாள்.

“அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லலம்மா” என்றாள் மகள்.

அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டி மகள் பாலத்தின் மறுமுனையைப் பார்த்தாள். பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இங்கேர்ந்து வீட்டுக்கு எனக்கு வழி தெரியலம்மா. எந்தப் பக்கம் போகணும்?”