பதினோராம் ஜோடி

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக ஆய்வுக்கூடம் பாதிக்குமேல் காலியாகிவிட்ட மதியம். மீனலோசனி இருட்டறையிலிருந்து எக்ஸ்ரே பிலிமைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். ஈரம் சொட்டி மணிக்கட்டில் இறங்குகிறது. கீழே பங்சார் போகும் பஸ் ஒன்று மூச்சிரைத்து மேடேறுகிறது. பிலிமில் ஜோடி ஜோடியாகப் பட்டைகள். ஒரே மார்பிலிருந்து எடுத்த நல்ல திசு இடப்பக்கம், புற்றுக்கட்டி வலப்பக்கம். அவர்கள் தேடும் மரபணு எங்கே அதிகம் வேலை செய்கிறதோ அங்கே பட்டை கறுக்கும். எந்த ஜோடிக்கும் பெயர் கிடையாது, எண்தான். பதினோராம் எண் அவளுடையது. நான்கு மாதத்துக்கு முன் பந்திங் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மார்பை முழுசாக அறுத்துக்கொண்டு வந்தாள். இங்கே யாருக்கும் தெரியாது. கூட வேலை செய்யும் வாசு, சாப்பிட்ட கையோடு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான்.

"அக்கா, பதினொண்ணு சூப்பரா வந்திருக்கு லா! கட்டி சும்மா கரியாட்டம் இருக்கு. மீட்டிங்ல இதையே காட்டுவோம். யாரு இந்த ஆன்டி?"

"தெரியலை வாசு. நம்பர்தானே இருக்கு."

அவன் கை கழுவப் போகிறான். குழாய்ச் சத்தம் கேட்கிறது. ஈர பிலிமைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். இப்போது விரலை வைக்கிறாள், கறுத்த பட்டையின் மேல் அல்ல. அதன் பக்கத்தில், இருக்கிறதா இல்லையா என்று வெளுத்துக் கிடப்பதன் மேல். அது ஒரு தப்பும் செய்யவில்லை. கூட இருந்த பாவத்துக்கு அதையும் சேர்த்து அறுத்தார்கள்.