எந்தச் சென்னிமலை?

ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி. இன்னொரு கையில் செல்போன்.

திரையில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புள்ளிக்குள் அவர் மனைவி இருக்கிறாள்.

லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்தான். காங்கேயம் சந்தையைத் தாண்டித் தனியாக ஓட்டியதில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். இப்போது லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருக்கிறாள்.

எல்லாம் இந்தப் பக்கத்து வீட்டு ரங்குவால். வெறும் வயிற்றோடு, ரங்குவின் பைக்கில் வந்து, மலைப்படி ஏறியது அவர் தப்புதான். மயங்கிச் சரிந்ததும் அவர் தப்புதான். ஆனால் டாக்டர் வாயைத் திறக்கும்வரை பொறுத்தானா? வீட்டுக்குப் போன் போட்டு, "அக்கா, அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு, ஒடனே பொறப்பட்டு வாங்க" என்று ஒப்பாரி வைத்துவிட்டான்.

சர்க்கரை இறங்கிவிட்டது, வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவள் கிளம்பியிருந்தாள். ஏழு தடவை அழைத்துவிட்டார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்கச் சொன்னால் அழுதேவிடுவாள்.

வண்டிதான் சேதி அனுப்புகிறது.

11.04. கதவு திறக்கப்பட்டது.

11.05. ஓட்டுநர் சீட் பெல்ட் அணியவில்லை.

11.06. அணிந்துவிட்டார்.

அப்பாடா.

11.31. வேகம் 84.

"மெல்ல வா புள்ள" என்றார் திரையைப் பார்த்து.

போன மாதம் வாங்கிய புது வண்டி. எப்போதும் இன்டர்நெட்டில் இருக்கும். எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எல்லாம் போனில் வந்துவிடும். அவருக்கு அதில் ஒரே பெருமை. அவளுக்கு எரிச்சல். "காசு குடுத்து ஒட்டுக்கேக்கறவள வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

விரலால் கீழே தள்ளினார். குரல் கட்டளைகள் என்று ஒரு பட்டியல். வண்டியிடம் வழி கேட்டு அவள் பேசியதெல்லாம் எழுத்தாக இருந்தது.

"முருகன் ஊருக்குப் போகோணுங்க."

புரியவில்லை.

"படியேறிப் போற கோயிலுங்க. மலை."

பதினான்கு இடங்கள் உள்ளன.

"அட, போர்வை நெய்யற ஊருங்க!"

அருகிலுள்ள போர்வைக் கடைகள்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிரிப்ஸ் பாட்டில் ஆடியது.

வண்டிக்குக்கூட மரியாதை கொடுக்கிறாள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். ஊரும் சென்னிமலை, அவர் பெயரும் சென்னிமலை. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், பட்டுச்சேலை வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ம்ஹூம்.

பட்டியலில் அடுத்த வரி.

11.09. "சென்னிமலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

பக்கத்தில் ஒரு முக்கோணம் இருந்தது. தொட்டால் கேட்கலாம்.

தொட்டார்.

முதலில் மூச்சு வாங்கும் சத்தம். மூக்கை உறிஞ்சுகிறாள். பிறகு அவர் பெயர், அவள் குரலில்.

வண்டி பதவிசாகக் கேட்டது. "இரண்டு சென்னிமலை உள்ளன. ஒன்று ஊர். மற்றது இந்த வண்டியின் உரிமையாளர். எந்தச் சென்னிமலை?"

"என்ற சென்னிமலைங்க." அதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை. "என்ற சென்னிமலைகிட்டக் கூட்டிட்டுப் போ, சாமி!"

உரிமையாளரின் செல்போன் இருக்குமிடத்துக்கு வழி காட்டப்படுகிறது என்றது வண்டி.

அவருக்கு அந்த வண்டியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

மறுபடி கேட்டார். மறுபடியும்.

நாலாவது தடவைதான் அடியிலிருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது.

சேவையை மேம்படுத்த, இந்தக் குரல் பதிவை எங்கள் பணியாளர்கள் கேட்கக்கூடும்.

யார்ரா அவன்?

எங்கேயோ ஒரு ஏசி ரூமில், காதில் மாட்டிக்கொண்டு, டீ குடித்தபடி எவனோ ஒருத்தன். அவள் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்பான். 'என்ற' என்றால் 'என்னுடைய' என்று தெரியாமல் பக்கத்து சீட்டுக்காரனிடம் விசாரிப்பான். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவர் இங்கே படுத்திருக்க, அவன் முதலில் கேட்டுத் தொலைத்திருந்தால்?

திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

அழி என்று ஒரு பொத்தான் இருந்தது. தொட்டதும் எச்சரித்தது. எங்களிடமிருந்தும் உங்கள் போனிலிருந்தும் நிரந்தரமாக நீங்கிவிடும். சம்மதமா?

இன்னொரு தடவை அவள் சொல்வாளா? சத்தியமாகச் சொல்லமாட்டாள்.

விரல் அந்தரத்தில் நின்றது.

கடைசியாக ஒரு முறை போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார்.

அழித்துவிட்டார்.

11.48. வண்டி நிறுத்தப்பட்டது.

செருப்புச் சத்தம் ஓடிவந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா மறித்தாள். "யாரைப் பாக்கோணும்?"

"மலையில மயங்கி விழுந்தாங்கல்லங்க... அவங்களைத்தானுங்க."

"இன்னைக்கு மூணு பேரு விழுந்திருக்காங்க. பேரச் சொல்லுங்கம்மா."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

இங்கே இருக்கிறேன் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். இருமியிருந்தால்கூடப் போதும்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.