நிர்வாகத்தில் பாதி

கரடி ஒன்று செங்கல் சூளை நடத்தி வந்தது. அங்கே கல் சுமந்த கழுதைகள் ஒருநாள் பாரம் தாங்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கரடி பயந்துபோய், சங்கத் தலைவரான செவலைக் கழுதையை உள்ளே அழைத்தது.

"பாரத்தைக் குறைச்சாச்சு, தலைவரே. இனிமே நிர்வாகத்துலயும் பாதி உங்களுக்கு" என்று தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தது. வெளியே கழுதைகள் சந்தோஷத்தில் கத்தித் தீர்த்தன.

மழைக்காலம் வந்தது. கல் விற்கவில்லை.

"வயசானவங்களை அனுப்பிடலாமா, இல்ல எல்லாருக்கும் தீனியைக் குறைக்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்றது கரடி.

செவலை தயங்கியது. "முதலாளி, நீங்க குடிக்கிற தேனைக் கொஞ்சம் குறைச்சா என்ன?"

"அது என் பாதியில வருது, தலைவரே."

கூட உழைத்த கிழக் கழுதைகளை அனுப்பச் செவலைக்கு மனம் வரவில்லை. "தீனியையே குறைச்சிடலாம்" என்றது.

மறுநாள் காலையில் அரைவயிற்றுக் கழுதைகள் வாசலில் கூடிவிட்டன. செவலை பதில் சொல்ல எழுவதற்குள் கரடி வெளியே போய் அவற்றின் நடுவில் நின்றுகொண்டது.

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? உங்க தலைவர் முடிவு பண்ணிட்டாரு, நான் என்ன செய்ய?" என்றது.

கழுதைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பின. உள்ளே நாற்காலியில் செவலை தெரிந்தது. யார் முதலில் குரல் கொடுப்பது என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

கரடியே தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கோஷத்தை எடுத்துக் கொடுத்தது.