இடப்பக்க சீட்

எழுந்தான். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடத்தை வைத்தான். பல் துலக்கினான். பால் பொங்கும் முன் அடுப்பை அணைத்தான். நேற்றைய இட்லியைப் பொடியோடு தின்றான். குடம் வழிந்ததும் குழாயை மூடினான்.

கீழே போய் டயர்களில் காற்றுப் பார்த்தான்.

காரைக் கிளப்பினான். வழக்கம்போல மாடி வீட்டுக் குழந்தை வீறிட்டது.

செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ராயப்பன் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு வண்டியையும் சோதித்து, எந்தப் பிரிவில் ஓடலாம் என்று சொல்பவர்.

பழைய எஸ்டீம். பின் சீட் இல்லை. ஏசி இல்லை. ஹாரன் இல்லை. உள்ளே இரும்புக் கூண்டு. எடை குறையட்டும் என்று, கண்ணாடி இறக்கும் கைப்பிடிகளைக்கூடக் கழற்றிப் போட்டிருந்தான்.

அதில் ஒன்றை அவன் மனைவி பொறுக்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வேர்க்கும்போது எடுத்து மாட்டுவாள். ஜன்னலை இறக்குவாள். மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வாள்.

உள்ளே தலையை விட்ட ராயப்பன் சிரித்தார்.

"ஏனுங் தம்பி, மத்ததெல்லாம் ரேஸ் காரு. இந்தப் பக்கம் மட்டும் பொண்ணு பாக்கப் போற காராட்டம் இருக்குது?"

இடப்பக்க சீட். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. பூப்போட்ட உறை அவள் வாங்கியது.

"இதக் கழட்டீட்டா ரேஸ் பிரிவு. இருந்துதுன்னா, நல்லா முறுக்கேத்துன வீட்டு வண்டி. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இந்த வாட்டி சிப்ஸ் அம்மிணி வரலீங்களா? அப்பத் தைரியமாக் கழட்டுங்க."

"வரலீங்க" என்றான்.

என்ஜினைப் பிரித்து மேய்ந்த நண்பன் பாபுராஜ், மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போன வருடமும் இதே இடத்தில், தன் காரின் இந்த சீட்டைக் கழற்ற ஸ்பேனரோடு குனிந்தான். ரேஸ் பிரிவு. கல்லூரி நாளிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் ஆசை. அவள் சீட்டை விட்டு இறங்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேந்திரம் சிப்ஸ் தின்றாள். ராயப்பனுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். அவர் மென்றுகொண்டே 'வீட்டு வண்டி' என்று எழுதிவிட்டுப் போனார்.

சித்திரையில் அவள் இறந்துபோனாள்.

பாபுராஜ் ஸ்பேனரை நீட்டினான்.

"நாலே போல்ட்டு, மாப்ள."

குனிந்தான்.

முன்னால் இரண்டு. எளிதாக வந்தன.

பின்னால் ஒன்று.

சீட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து அவன் முழங்காலில் இடித்தது.

கைப்பிடி.

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். இடக் கதவில் மாட்டினான். சுற்றினான். கண்ணாடி கடகடவென்று இறங்கியது. வெளியிலிருந்து காய்ந்த புல் வாசம் வந்தது. யாரோ டீக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கழற்றிய மூன்றையும் திரும்ப முடுக்கினான்.

"லூசாடா நீ?" என்றான் பாபுராஜ்.

"ஆமா."

அங்கிருந்தே ராயப்பனிடம் கத்தினான். "வீட்டு வண்டிங்க!"

இடப்பக்க பெல்ட்டை இழுத்து, ஆளில்லாத சீட்டின் குறுக்கே மாட்டினான். காற்றில் அடிக்காமல் இருக்க.

கொடி இறங்கியது.

முதல் வளைவில் ஒரு ஸ்விஃப்டை முந்தவிட்டான். இரண்டாவதில் ஒன்றைப் பிடித்தான். நேர்ச்சாலையில் ஜன்னல் வழியே காற்று பாய்ந்து பூப்போட்ட உறையை ஊதிப் பெரிதாக்கியது. திறந்த ஜன்னல் வேகத்தைத் தின்றது. தின்னட்டும். ஒரு ஆல்ட்டோ அவனை முந்திப் போனது. ஆல்ட்டோ!

ஹெல்மெட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்டது. என்ஜினில் கோளாறு என்று நினைத்தான்.

சிரிப்பு. அவனுடையதுதான்.

அடுத்த சுற்றில் இன்னும் சத்தமாகச் சிரித்தான். வேலியோரம் பாபுராஜ் துண்டைச் சுழற்றி ஆடினான். கடைசியிலிருந்து இரண்டாவதாக முடித்தான். இன்னொரு சுற்று விட்டால் தேவலை என்றிருந்தது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். அவன் யாருக்கும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. தலை வெடிக்கிறது என்றாள். கைப்பிடியை மாட்டி ஜன்னலை இறக்கினாள். ரேஸுக்காக விறைப்பாக்கிய ஸ்பிரிங். வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டது. பைக்குள் போடப் போன கைப்பிடி நழுவி விழுந்தது. அவள் தேடவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சிரித்தாள்.

"இப்பவாச்சும் ஒத்துக்கோடா, இது ரேஸ் காரில்ல. ரேஸ் கார்னா நான் எங்க உக்காருவேன்?"