கேட்டது வயது மட்டும்

கிஷோரின் இடது கையைப் பிடித்து மேசைமேல் திருப்பி வைத்தேன். முகத்தைச் சுளித்தான்.

மீசை முளைத்த ஆளுக்கு எக்ஸ்ரேவுக்கே இவ்வளவு பயமா என்று கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. கொலை வழக்கு, நான்காவது பெயர் இவனுடையது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எலும்பைப் படம் எடுத்து வயது சொல்ல வேண்டும்.

பதினெட்டுக்குக் கீழே என்றால், ஐந்து மாதமாக இருக்கும் சிறுவர் இல்லத்திலேயே இருப்பான். மேலே என்றால் பெரியவர்களோடு ஜெயில்.

அவனுடைய அம்மா வேம்புலியம்மாள் மண்ணூர்பேட்டையில் தையல் கம்பெனிக்குப் போகிறவள். லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னப் புள்ளம்மா அவன், பதினாறுதான் ஆவுது. நல்லாப் பாத்து எழுதும்மா."

கதிர் படும் என்று, கூட வந்த இல்லத்து ஊழியரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அதற்காகவே காத்திருந்தவன் போல் பையன் வாயைத் திறந்தான்.

"அக்கா, பதினெட்டு முடிஞ்சிட்சுன்னு எழுதுக்கா. நான் பெரிய ஜெயிலுக்கே போய்க்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் வெளியே அழுதுகொண்டு நிற்கிறாள், இவனுக்கு ஜெயிலுக்குப் போய் ஏரியாவில் பெரிய ஆளாக வேண்டுமாம். எலும்பு என்ன சொல்கிறதோ அதுதான், நீ சொல்வதெல்லாம் எழுத முடியாது என்று கத்தினேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

படம் திரையில் வந்தது. மணிக்கட்டில் எலும்பு வளரும் இடம் இன்னும் மூடவில்லை, கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. பதினெட்டு ஆகவில்லை. டாக்டர் வந்து எழுதும்வரை வாயைத் திறக்கக் கூடாதுதான். ஆனாலும் அந்த அம்மாவின் முகத்துக்காகக் கதவைத் திறந்து தலையை ஆட்டினேன்.

வேம்புலியம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பையன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஊழியரோடு நடந்தான். வேன் கிளம்பி பூந்தமல்லி சாலைப் பக்கம் திரும்பியது. இருபது வருட வேலையில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு, டாக்டருக்கு அனுப்பப் படத்தைப் பெரிதாக்கினேன்.

அப்போதுதான் படத்தின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். முழங்கையை நோக்கிப் போகும் எலும்பில் ஒரு முறிவு. மேலே விழும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் முறிகிற இடம். கட்டுப் போடாமலே கோணலாகச் சேர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் புது எலும்பு பஞ்சு மாதிரிப் படர்ந்திருந்தது.

முறிந்து ஒன்றரை மாதம் இருக்கும். அதற்கு மேல் இருக்காது.

கடிதத்தை எடுத்து, அவன் இல்லத்துக்கு வந்த தேதியை இன்னொரு தடவை படித்தேன். ஐந்து மாதம்தான்.

படத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். கதவைத் திறந்தேன்.

வேம்புலியம்மாள் யாரிடமோ போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

"புள்ள தப்பிச்சிட்டான்மா. அங்கியே இருப்பான்."